கறுப்பதும் சிவப்பதும்: உங்கள் தோல் எந்த வகை, வெயில் அதை என்ன செய்கிறது?

ஜன்னலோரம் போய் நின்று சட்டைக் கையை மேலே சுருட்டுங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழே, எப்போதும் உடம்போடு ஒட்டியே இருக்கும் மேற்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு கையின் புறங்கையை வையுங்கள். உட்பக்கத்து நிறம் நீங்கள் பிறப்பில் கொண்டுவந்தது. புறங்கையில் கூடுதலாகத் தெரிவது வெயில் சேர்த்தது. சிலருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். சிலருக்கு இரண்டு வெவ்வேறு ஆட்களின் கைகளை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். இந்த வித்தியாசம் எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எவ்வளவு நாளில் போகிறது என்பதுதான் தோல் வகை. கண்ணாடியில் தெரியும் நிறம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

நிறம் வேறு, வகை வேறு

தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் அளவுகோலை உருவாக்கியவர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக். ஆண்டு 1975. அப்போது சொரியாசிஸ் நோயாளிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு யூ.வி.ஏ. என்ற புறஊதா (யூ.வி.) கதிரைப் பாய்ச்சும் சிகிச்சை புதிதாக வந்திருந்தது. முடி நிறத்தையும் கண் நிறத்தையும் பார்த்து முதல் டோஸை முடிவு செய்தார்கள். கரிய முடி, பழுப்புக் கண் உள்ள சிலருக்கே தோல் வெந்துபோனது. அதனால் அவர் பார்வையை நம்புவதை விட்டு, நோயாளியிடமே கேட்கத் தொடங்கினார்: "வெயிலில் நின்றால் உங்கள் தோல் என்ன செய்யும்?"

முதலில் இருந்தவை நான்கு வகைகள்தாம், அவையும் வெள்ளையருக்கானவை. பழுப்புத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் ஐந்தாவதும் ஆறாவதும் பிறகு சேர்க்கப்பட்டன. நம் ஊரில் இந்த அளவுகோலைப் பயன்படுத்தும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 'உங்கள் தோல் வகை என்ன' கேள்வித்தாள்கள் கண் நீலமா பச்சையா, முடி பொன்னிறமா செம்பட்டையா, முகத்தில் வெயில் புள்ளிகள் உண்டா என்று கேட்டு மதிப்பெண் போடும். தமிழர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தக் கேள்விகளில் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும். அவற்றைத் தள்ளிவிடுங்கள். உருப்படியானவை இரண்டு கேள்விகள்.

இரண்டு கேள்விகளும் அவற்றுக்கு நேர்மையான பதிலும்

பல வாரங்கள் வீட்டுக்குள்ளோ அலுவலகத்திலோ இருந்துவிட்டு, ஒரு நாள் உச்சி வெயிலில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நிற்கிறீர்கள். மறுநாள் அந்த இடம் எப்படி இருக்கும்? ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கும்?

இதற்காக வெயிலில் போய் நிற்க வேண்டாம், பழைய நாளை நினைவுபடுத்தினால் போதும். பள்ளி விளையாட்டு விழா, தேர்த் திருவிழா, நாள் முழுக்க ஆடிய கிரிக்கெட், பகலில் போன கிரிவலம், கடற்கரைச் சுற்றுலா என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

முதல் கேள்விக்குத்தான் நம்மில் பெரும்பாலானோர் தவறாகப் பதில் சொல்கிறார்கள். "எனக்கு வெந்ததே இல்லை, கறுக்கத்தான் செய்யும்" என்பார்கள். வெந்த தோல் இறால் மாதிரிச் சிவக்கும் என்பது வெள்ளைத் தோலின் படம். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு உள்ளே மறைந்துவிடும். வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். அன்றிரவு அந்த இடத்தைப் புறங்கையால் தொட்டால் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்ததா? சட்டைக் காலர் உரசினால் வலித்ததா? குளிக்கும்போது வெந்நீர் பட்ட இடம் சுரீர் என்றதா? மூக்குத் தண்டும் கன்ன மேடும் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தனவா? மூன்று நான்கு நாளில் அரிப்பெடுத்து, தவிடு மாதிரி மெல்லிய செதில் உதிர்ந்ததா? இவற்றில் இரண்டு இருந்தாலே அது வெந்ததுதான். 'வியர்க்குரு', 'சூடு பிடிச்சிருக்கு' என்று பெயர் வைத்து நாம் கடந்துபோகிறவற்றில் ஒரு பங்கு இது.

இப்போது வகைகளுக்கு வரலாம்.

முதல் வகை எப்போதும் வேகும், கறுக்கவே கறுக்காது. தமிழ்க் குடும்பங்களில் இதைப் பார்ப்பது பிறவியிலேயே நிறமி உருவாகாத அல்பினிசம் உள்ள குழந்தைகளிடம். இவர்களுக்கு மட்டும் விதிகள் வேறு. முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கண்ணாடி, சன்ஸ்கிரீன் எல்லாம் தினசரி அவசியம், வெயில்கால ஏற்பாடு அல்ல. தோல் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் முழுக்கக் காட்ட வேண்டும், ஏனென்றால் இவர்களுக்குத் தோல் புற்றுநோய் இளம் வயதிலேயே வரக்கூடும். இரண்டாம் வகை சுலபமாக வேகும், லேசாகத்தான் கறுக்கும். நம்மிடையே அபூர்வம்.

மூன்றாம் வகை முதலில் ஓரளவு வேகும், பிறகு மெல்ல இளம்பழுப்பாகும். நம் ஊரில் 'சிவப்பு' என்று சொல்லப்படுகிறவர்களில் பலர் இங்கேயும் நான்காம் வகையிலும் வருவார்கள். நான்காம் வகை எப்போதாவது வேகும், சுலபமாகக் கறுக்கும். மாநிறத்தவர் பலர் இதில் அடங்குவர். ஐந்தாம் வகை அரிதாகவே வேகும், வேகமாகவும் ஆழமாகவும் கறுக்கும். ஆறாம் வகை மிக ஆழ்ந்த கறுப்பு. பழைய பாடப்புத்தகங்கள் 'வேகவே வேகாது' என்று எழுதின. அது தவறு, வேகும். அதற்கு நெடுநேர வெயில் வேண்டும், அவ்வளவே.

உங்கள் இரண்டு பதில்களும் ஒரே வகையில் வந்து சேராமல் போகலாம். மாநிறமாக இருந்தும் சுலபமாக வேகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் நான்கு, தங்கை மூன்று என்பதும் சகஜம். அப்படியானால் எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கலாம் என்பதற்கு முதல் கேள்வியின் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். தழும்பு, பரு, லேசர், பிளீச் ஆகியவற்றால் கருந்திட்டு விழும் ஆபத்துக்கு இரண்டாம் கேள்வியின் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகக் கறுக்கும் தோல் எந்தக் காயத்துக்கும் கறுக்கும். நம் தோலின் பெரிய தொல்லை இதுதான்.

வெயிலில் இறங்கிய நிமிடம் முதல் மூன்றாவது வாரம் வரை

நிறமியைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை எல்லா இனத்தவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அவை செய்யும் மெலனின் என்ற நிறமியின் பொட்டலங்களில் இருக்கிறது. கறுத்த தோலில் அவை பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை, சீக்கிரம் சிதையாதவை. ஒவ்வொரு செல்லின் கருவுக்கும் மேலே குல்லா கவிழ்த்த மாதிரி அவை குவிந்து, உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வுக்கு நிழல் தருகின்றன. 1979ல் அமெரிக்காவில் அளந்தபோது சன்ஸ்கிரீன் குழாயில் அச்சிடும் பாதுகாப்பு எண்ணான எஸ்.பி.எஃப். கணக்கில் கறுப்பினத்தவரின் மேல்தோல் தன்னளவில் சுமார் 13க்கும், வெள்ளையரின் மேல்தோல் சுமார் 3க்கும் ஈடாக இருந்தது. மாநிறம் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். கவசம் உண்டுதான், ஆனால் சென்னையின் மே மாத மதியத்துக்கு அது போதாது.

வெயிலில் போய்வந்த அரை மணியில் முகம் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரியும். கண்ணாடியைப் பார்த்துப் பதறும் நேரம் இது. ஏற்கெனவே தோலில் இருந்த மெலனினை யூ.வி.ஏ. கதிர் ஆக்சிஜனேற்றம் செய்ததால் வந்த கருமை இது, புது நிறமி அல்ல. சில மணி நேரத்தில் பெரும்பாலும் கலையும். வெயில் பலமாக இருந்திருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும். 'ஒரே வாஷில் டேன் போச்சு' என்று காட்டும் வீடியோக்களில் பல இந்த முதல் கருமையைத்தான் காட்டுகின்றன. எதுவுமே போடாமல் விட்டிருந்தாலும் அது போயிருக்கும்.

வேகுவது இதற்குப் பிறகு, 3 முதல் 6 மணி நேரத்தில் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். அதனால்தான் வெயிலில் நிற்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, இரவில் படுக்கையில் தெரிகிறது. இதைச் செய்வது முக்கியமாக யூ.வி.பி. என்ற இன்னொரு வகைப் புறஊதாக் கதிர்.

உண்மையான கறுப்பு மூன்றாம் நாள் வாக்கில் தலைகாட்டும். யூ.வி. கதிர் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதத்தை உணர்ந்த செல், நிறமிச் செல்லுக்கு ஹார்மோன் வழியாகச் சேதி அனுப்புகிறது. அது புதிதாக மெலனின் செய்து அனுப்புகிறது. பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம்வரை நிறம் ஏறிக்கொண்டே போகும். சேதம் ஆனபிறகுதான் நிறம் வருகிறது என்பதால், 'முதலில் நன்றாகக் கறுத்துக்கொண்டால் பிறகு வெயில் ஒன்றும் செய்யாது' என்ற கணக்கு உதவாது. அப்படிச் சேர்த்த கறுப்பு கூடுதலாகத் தரும் பாதுகாப்பு எஸ்.பி.எஃப். 3 அல்லது 4 அளவுதான். கண்ணாடி ஜன்னல் வழியாக, யூ.வி.ஏ. மட்டும் பட்டு வந்த கருமையில் அதுகூடக் கிடையாது.

நமக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல்: கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, நான்காம் வகை முதல் மேலே உள்ள தோல்களைக் கறுக்க வைக்கிறது. அதே ஒளி இரண்டாம் வகைத் தோலில் ஒன்றும் செய்வதில்லை. வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்த சன்ஸ்கிரீன்கள் பல, வேகாமல் காத்தாலும் கறுக்காமல் காக்கத் தவறுவதற்கு இது ஒரு காரணம். கைபேசித் திரையின் வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம், சூரியனோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம்.

உங்கள் ஊர் வெயிலை அளப்பது

சூடு வேறு, யூ.வி. வேறு. தெர்மாமீட்டர் காட்டுவது உங்களை வேக வைக்கும் கதிரை அல்ல. பார்க்க வேண்டிய எண் யூ.வி. இண்டெக்ஸ். வானிலை செயலிகள் பலவும் காட்டும். 3 முதலே பாதுகாப்பு வேண்டும், 8 முதல் 10 மிக அதிகம், 11 முதல் உச்சம். தமிழ்நாட்டில் தெளிந்த வானத்தில் நடுப்பகலில் 11ஐத் தாண்டுவது ஆண்டின் பெரும்பகுதி சாதாரணம். மார்கழியில் பனி என்று நாம் சொல்லும் நாட்களிலும் மதியத்தில் 7, 8 இருக்கும்.

அக்னி நட்சத்திரத்தோடு ஆபத்து முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, 11 வாக்கிலும், யாழ்ப்பாணத்துக்கு ஏப்ரல் 15 வாக்கிலும், சென்னைக்கு ஏப்ரல் 24, 25 வாக்கிலும் வருகிறது. சென்னைக்கு அதே சூரியன் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் உச்சிக்கு வருகிறது. காற்று சற்றுக் குளிர்ந்திருப்பதால் உடம்பு எச்சரிப்பதில்லை.

ஊட்டியில் இந்த ஏமாற்றம் இன்னும் பெரிது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் யூ.வி. ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். சுமார் 2240 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகுத் துறையில் நிற்கிறவருக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில் நிற்கிறவரைவிடக் கூடுதல் கதிர். குளிருக்காகப் போய் மூக்கு உரிந்து திரும்புகிறவர்கள் நிறைய.

செயலி இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் யூ.வி.பி. பலமாக இருக்கிறது. நம் கடிகாரத்தில் உச்சிப்பொழுது சரியாக 12 மணிக்கு வருவதில்லை, சென்னையில் சராசரியாக 12:09, கன்னியாகுமரியில் 12:20 வாக்கில். மெல்லிய மேகம் பெரும்பகுதிக் கதிரை உள்ளே விட்டுவிடும். மணல் 15 விழுக்காட்டையும், அலை நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அடிக்கும். கடற்கரையில் குடைக்கடியில் உட்கார்ந்தும் தாடைக்கு அடியில் கறுப்பது இதனால்தான்.

யூ.வி.ஏ. கண்ணாடியில் புகும், யூ.வி.பி. பெரும்பாலும் புகாது. கார் முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, அது யூ.வி.ஏ.வையும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படி அல்ல. நம் நாட்டு ஓட்டுநர்களுக்கு வலது முன்கையும் வலது கன்னமும் கூடுதலாகக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். காலையில் சென்னையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போனால் வெயில் இடது பக்கம் விழும், வலது பக்க இருக்கை கேளுங்கள்.

பாதுகாப்பு: முதலில் துணி, பிறகு குழாய்

துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவின் ஊடே வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் கதிரும் அவ்வழியே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் பாதுகாப்பு 5 முதல் 7 அளவுதான், நனைந்தால் இன்னும் குறையும். நெருக்க நெசவு, அடர்ந்த நிறம், ஜீன்ஸ் துணி ஆகியவை பல மடங்கு மேல். வண்டி ஓட்டும்போது முகத்தைச் சுற்றும் மெல்லிய துப்பட்டா தூசியைத் தடுக்கும் அளவுக்கு வெயிலைத் தடுக்காது, இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கறுப்புக் குடை 90 விழுக்காட்டுக்கு மேல் நேர்க்கதிரைத் தடுக்கும். தாத்தாக்கள் பிடித்த அந்தக் குடையை மிஞ்சும் பொருள் சந்தையில் குறைவு.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு இரண்டு இடங்கள் தவறும். கைக்கவசத்துக்கும் சட்டைக் கைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு வளையம் கறுக்கும். செருப்பு வார் போக மீதிப் பாதமும் கறுக்கும்.

சன்ஸ்கிரீனில் எண்ணைவிட அளவு முக்கியம். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்.பி.எஃப்.ஐ அளக்கிறார்கள். முகமும் கழுத்தும் சேர்ந்து சுமார் 600 சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு முறைக்கு 1.2 கிராம் தேவை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அவ்வளவு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினம் ஒரு முறை மட்டுமே போட்டாலும் 50 கிராம் குழாய் 40 நாளில் தீர வேண்டும். ஆறு மாதமாக ஒரே குழாய் ஓடுகிறதென்றால் நீங்கள் பூசுவது வாசனைக்குத்தான். பாதி அளவு பூசினால் 50 என்று அச்சிட்டது 25க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும்.

முழு அளவில் பூசினால் 30 எஸ்.பி.எஃப். 97 விழுக்காட்டையும், 50 எஸ்.பி.எஃப். 98 விழுக்காட்டையும் தடுக்கும். இது யூ.வி.பி. கணக்கு. யூ.வி.ஏ.வுக்கு அதே குழாயில் 'பி.ஏ.' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள கூட்டல் குறிகளை எண்ணுங்கள். மூன்றுக்குக் குறையக் கூடாது, நான்கு நல்லது. மங்கு உள்ளவர்களும், பருத் தழும்பு கறுக்கிறவர்களும் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ளதை வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பது அதுதான். சாயமில்லாத துத்தநாக ஆக்சைடு மாநிற முகத்தில் திருநீறு பூசி அரைகுறையாகத் துடைத்த மாதிரி நிற்கும் தொல்லையும் இதில் குறைவு.

பூசும் முறை இப்படி. முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, அது உள்ளே போனதும் சன்ஸ்கிரீனை இரண்டு தவணையாகப் பூசுங்கள். ஒரே முறையில் மொத்தத்தையும் தேய்த்தால் திரளும். காது மடல், பின்கழுத்து, நெற்றியில் முடி தொடங்கும் ஓரம், புறங்கை ஆகியவற்றை விடாதீர்கள். 15 நிமிடம் கழித்து வெளியே போங்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும். வியர்வையைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் பூச்சும் கூடவே வந்துவிடும், ஒற்றி எடுங்கள். நெற்றி வியர்வையோடு வழிந்து கண் எரிந்தால் புருவத்துக்கு மேலே மட்டும் துத்தநாக ஆக்சைடு குச்சியைப் போடுங்கள். வண்டிப் பெட்டிக்குள் குழாயை வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் கலவை பிரிந்துவிடும். பிதுக்கியதும் தண்ணீர் தனியாக வந்தால் தூக்கிப் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

வைட்டமின் டி போய்விடுமே என்று கேட்பார்கள். அதைத் தருவது யூ.வி.பி., அதனால் கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பயனில்லை. ஐந்து, ஆறாம் வகைத் தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். முகத்தை மூடி, கைகால்களில் கொஞ்ச நேரம் வெயில் படவிடலாம். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்துவிட்டால் மாத்திரையே சுலபம்.

வெந்துவிட்டால்

உடனே நிழலுக்கு வந்து குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10, 15 நிமிடம் போடுங்கள். ஐஸை நேரடியாக வைக்க வேண்டாம். ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பற்பசை, மஞ்சள், எலுமிச்சை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொப்புளம் பரவலாக இருந்தாலோ, காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். உரியும் தோலைப் பிய்த்தால் அந்த இடத்தில் திட்டு விழும்.

கறுத்ததை இறக்குவது

மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள இளவயதில் ஏறத்தாழ 4 வாரம், வயதானால் இன்னும் அதிகம் ஆகும். எனவே 8 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தொடக்கத்திலும் 4, 8 வாரங்களிலும் ஒரே ஜன்னலில், ஒரே நேரத்தில், மேற்கையின் உட்பக்கத்தையும் புறங்கையையும் சேர்த்து, பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்து, ஃப்ளாஷும் அழகூட்டும் வசதியும் இல்லாமல் படம் எடுங்கள். உட்பக்கத்து நிறம்தான் எல்லை. எந்தக் கிரீமும் நியாயமான வழியில் அதற்குக் கீழே இறக்காது. இறக்குகிறேன் என்று விற்கப்படுவதைச் சந்தேகியுங்கள்.

இந்த 8 வாரமும் வெயில் படாமல் காப்பதுதான் முக்கால்வாசி வேலை. துணைக்கு நியாசினமைடு 4, 5 விழுக்காடு அல்லது அசலைக் அமிலம் 10 விழுக்காடு, இரண்டில் ஒன்றை இரவில் போடலாம். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காதுக்குப் பின்னால் சோதித்த பிறகு. கடலை மாவும் தயிரும் தீங்கில்லாதவை, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துப் பளிச்சென்று காட்டும், மெலனினைத் தொடாது.

கெடுதல் செய்வது தேய்ப்பு. பீர்க்கங்கூடு, சர்க்கரை, காபித்தூள் போட்டு அழுத்தித் தேய்த்தால் தோல் புண்படும், புண்பட்ட நம் தோல் கறுக்கும். டேனை எடுக்கப் போய் டேனைவிட நீடித்த கறையை வாங்கி வருகிறார்கள். பார்லர் பிளீச்சும் இந்த ரகம்தான். எலுமிச்சை இன்னும் மோசம். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் யூ.வி.ஏ. பட்டால் விஷமாகி, ஓரிரு நாளில் வெந்த கோடாகவும், பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கருங்கோடாகவும் மாறும். சாறு வழிந்த தடம் அப்படியே படமாகத் தெரியும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மூன்று மருந்துக் கலவைக் கிரீம்கள்தான் பெரிய ஆபத்து. அவற்றில் ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், ஒரு ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் முகம் பளிங்கு மாதிரி ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு வெடித்து, நிறுத்தினால் எரிந்து சிவக்கும். 2018ல் இந்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் போட்டால் நீலம் பாய்ந்த கருமை நிரந்தரமாகத் தங்கிவிடலாம். ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுங்கள். தயாரித்தவர் பெயரோ பொருள் பட்டியலோ இல்லாத ஃபேர்னஸ் கிரீமில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

டேன் மாதிரித் தெரியும், டேன் அல்ல

கன்னம், நெற்றி, மேலுதட்டில் இரண்டு பக்கமும் சமமாகப் படரும் பழுப்புத் திட்டு மங்கு. கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, பரம்பரை, வெயில் நான்கும் இதில் கை கோக்கும். தேமல் உள்ளவருக்கு வெயிலில் சுற்றிலும் உள்ள தோல் கறுக்க, தேமல் மட்டும் வெளுத்தபடி பளிச்சென்று நிற்கும். சிகிச்சை பூஞ்சைக்கு, பிறகு நிறம் சமமாக வாரங்கள் ஆகும். முன்கையிலும் பின்கழுத்திலும் அரிப்போடு சின்னச் சின்னப் பொரிகள் கோடைத் தொடக்கத்தில் வந்தால் அது வெயில் ஒவ்வாமையாக இருக்கலாம்.

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் தேய்த்துக் கழுவாதீர்கள், ரத்தச் சர்க்கரை பாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. விரல் முட்டிகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்தால் பி12 குறைவைப் பரிசோதியுங்கள்.

பருவுக்கும் காய்ச்சலுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, இதயத் துடிப்புக்கான அமியோடரோன், வலிக்குப் பூசும் கீட்டோப்ரோஃபென் ஜெல் ஆகியவை எந்த வகைத் தோலையும் வெயிலுக்குக் கூசும் தோலாக்கிவிடும். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

கறுத்த தோலில் மெலனோமா புற்றுநோய் அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி 1981ல் இறந்தது கால் விரலில் தொடங்கிய அந்தப் புற்றுநோயால்தான். அடிபடாமலே நகத்தில் வந்து அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, பாதத்தில் வளரும் ஓரம் கலைந்த மச்சம் ஆகியவற்றைக் காட்டிவிட வேண்டும்.

வகையைக் கேட்காத இடத்தில் படுக்காதீர்கள்

இவ்வளவும் தெரிந்துகொண்டது கைகொடுக்கும் இடங்களில் ஒன்று லேசர் முடி நீக்கம். லேசர் மெலனினைத் தேடிப் போய்ச் சுடும். முடியில் உள்ள மெலனினுக்கும் தோலில் உள்ளதற்கும் அதற்குப் பேதம் தெரியாது. ஐந்து, ஆறாம் வகைக்கு 1064 நானோமீட்டர் என்டியாக் லேசர்தான் பாதுகாப்பு, அது தோலை அதிகம் தொடாமல் ஆழத்துக்குப் போகும். நான்காம் வகைக்காரர் கடற்கரையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவர் தோல் ஐந்து மாதிரி நடந்துகொள்ளும். போன தடவை வைத்த அதே அளவை வைத்தால் காசு அளவு வட்ட வட்டமாக வெந்த தடம் விழும். எனவே எந்தக் கருவி, எந்த அலைநீளம் என்று நீங்கள் கேளுங்கள். அவர்கள் உங்களிடம் கடைசியாக எப்போது வெயிலில் அலைந்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார்களா என்று கவனியுங்கள். டேன் இருக்கிறது, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் அங்கேயே முன்பதிவு செய்யலாம்.